கருணையை எப்படி எழுதுவது? அஞ்சலிக் கட்டுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இதழ்களில் அஞ்சலியும் நினைவுக் கட்டுரையும் எழுதிவரும் நண்பர்களுக்கு,

2027 ஜூலை 13-ஆம் நாள் சிமோன் வெய் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைகின்றன. பிரான்சின் நலவாழ்வுத் துறை அமைச்சராக இருந்தவர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முதல் தலைவர். பதினாறு வயதில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிரோடு திரும்பியவர். மூன்று மகன்களுக்குத் தாய், பன்னிரண்டு பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. 1943-இல் மறைந்த தத்துவவாதி சிமோன் வெய்ல் வேறொருவர். பெயரொற்றுமையால் இருவரையும் குழப்பிக்கொள்வது நம் பக்கத்தில் அவ்வப்போது நடக்கிறது. நூற்றாண்டை ஒட்டி நீங்கள் இவரைப் பற்றி எழுதக்கூடும். அதற்கு முன்னதாகவே ஒரு வேண்டுகோளை வைக்கவே இந்த மடல். பொதுவாழ்வில் இருந்த பெண் ஒருவர் மறைந்தால் எழுதுவதற்கு நம்மிடம் ஒரு வார்ப்பு தயாராகவே இருக்கிறது. முதலில் பதவிகளின் பட்டியல். பிறகு கனிவு, எளிமை, தாயுள்ளம். இறுதியில் பேரப்பிள்ளைகள் சூழ வாழ்ந்த நிறைவான முதுமை. இந்த வார்ப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சிமோன் வெய்யை இதில் ஊற்றினால் அவர் செய்த வேலை முழுவதும் வெளியே வழிந்துவிடும். அவருடைய கருணை சுபாவமாக இருந்ததா என்பது எனக்குத் தெரியாது, அது முக்கியமும் இல்லை. அது ஒரு வேலைமுறையாக இருந்தது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. எழுதப்பட வேண்டியது அந்த வேலைமுறைதான் என்பதே என் வாதம்.

ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்கலாம். 1974 நவம்பரில் கருக்கலைப்புச் சட்ட முன்வரைவு மீதான விவாதம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் மூன்று நாட்கள் நடந்தது. அப்போது எடுத்த படம் ஒன்றில் அமைச்சர் இருக்கையில் அமர்ந்திருக்கும் சிமோன் வெய் முகத்தைக் கைகளில் புதைத்திருக்கிறார். வசைகளைத் தாங்க முடியாமல் அழுதுவிட்டார் என்று அன்றே பேசப்பட்டது. அந்தப் படம் பல பத்தாண்டுகள் அந்தக் கதையோடு சேர்ந்தே சுற்றியது. அவரோ தான் அழவில்லை, களைப்பில் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன் என்று பிற்காலத்தில் தெளிவாக மறுத்தார். அந்த மறுப்பு படத்தின் அளவுக்குப் பரவவில்லை. கல்நெஞ்சக்காரர்கள் நடுவே ஒரு பெண் கண்ணீர் விட்டார், சட்டம் நிறைவேறியது என்ற கதை எல்லோருக்கும் வசதியானது. ஆதரித்தவர்களுக்கு அவர்மீது இரக்கம் வந்தது; எதிர்த்தவர்களுக்குத் தங்கள் தோல்வியைப் பெண்ணின் கண்ணீர்மேல் போட முடிந்தது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய கணக்கும், சொல் தேர்வும், சமரசமும், நள்ளிரவு தாண்டியும் தளராத விடாப்பிடியும் இந்தக் கதையில் இடம்பெறவே இல்லை.

அந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கருக்கலைப்பு முன்பிருந்தே குற்றம்; 1920-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தூண்டுவதையும் கருத்தடைப் பிரசாரத்தையும் குற்றமாக்கியிருந்தது. ஆனால் குற்றம் நின்றுவிடவில்லை. பிரான்சில் ஆண்டுக்குச் சுமார் 3,00,000 கருக்கலைப்புகள் மறைவில் நடப்பதாக அமைச்சரே அவையில் சொன்னார். பணம் உள்ளவர்கள் இங்கிலாந்துக்கோ நெதர்லாந்துக்கோ போய்த் திரும்பினார்கள். இல்லாதவர்கள் கைவைத்தியர்களிடம் போனார்கள், சிலர் பிணமாகவே வீடு திரும்பினார்கள். 1971-இல் 343 பெண்கள் தாங்களும் கருக்கலைப்பு செய்துகொண்டவர்களே என்று கையொப்பமிட்டு அறிக்கை வெளியிட்டார்கள். 1972-இல் பொபினி நகரில் வல்லுறவுக்கு உள்ளான ஒரு சிறுமி கருவைக் கலைத்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டாள். வழக்கறிஞர் ஜிசேல் அலிமி அந்த வழக்கைச் சட்டத்தின் மீதான விசாரணையாகவே மாற்றினார். அரசு வழக்குத் தொடுக்கவே தயங்கும் நிலை வந்தது. சட்டம் இருக்கிறது, அதை யாரும் மதிப்பதில்லை, ஆனால் அதன் அடி ஏழைப் பெண்மீது மட்டும் விழுகிறது. 1974 மே மாதம் ஜிஸ்கார் தெஸ்தேங் குடியரசுத் தலைவரானதும் இந்தச் சிக்கல் நலவாழ்வுத் துறைக்கு வந்தது. நீதித்துறை அமைச்சர் ழான் லெகானுவே தம் மத நம்பிக்கை காரணமாக இதைச் சுமக்க விரும்பவில்லை. அதுவரை எந்தத் தேர்தலிலும் நிற்காத, நீதித்துறை அதிகாரியாக மட்டுமே அறியப்பட்ட சிமோன் வெய் அதை எடுத்துக்கொண்டார்.

அவர் முதலில் செய்தது கருத்தடை. மாத்திரைகளுக்கான செலவைச் சமூகக் காப்பீடு ஏற்கவும், சட்டப்படி உரிய வயது நிரம்பாத பெண்கள் பெற்றோர் ஒப்புதல் இல்லாமலே அவற்றைப் பெறவும் வழிசெய்யும் சட்டம் அந்தக் கோடையிலேயே அவைக்கு வந்தது. கருக்கலைப்பு அதற்கு அடுத்த படி. நவம்பர் 26 அன்று அவர் ஆற்றிய உரையைப் படிப்பவர்கள் அதில் கனிவைத் தேடினால் சற்று ஏமாந்துபோவார்கள். ஏறத்தாழ ஆண்கள் மட்டுமே நிறைந்த ஓர் அவையின் முன் இதைப் பேசுவதற்கு மன்னிக்கவேண்டும் என்று ஒரு வரி. எந்தப் பெண்ணும் மகிழ்ச்சியோடு கருவைக் கலைப்பதில்லை என்று ஒரு வரி. மற்றதெல்லாம் ஏற்பாடுகள். பத்து வாரத்துக்குள், மருத்துவர் கையால், மருத்துவமனையில் மட்டும். முன்னதாக ஆலோசனை, ஒரு வாரம் யோசிக்க அவகாசம். மனச்சாட்சி இடம் தராத மருத்துவரோ செவிலியரோ மறுக்கலாம். முழுச் சட்டமும் முதலில் ஐந்தாண்டுக்கு மட்டுமே. இந்த ஒவ்வொரு நிபந்தனையும் தயங்கி நின்ற உறுப்பினர்களில் சிலரைக் கொண்டுவருவதற்காக வைக்கப்பட்டது. இவற்றுக்கு நடுவில் அசைக்க விடாமல் அவர் காத்த அம்சம் ஒன்றே ஒன்று: தான் இக்கட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதை முடிவு செய்பவள் அந்தப் பெண்தான். மருத்துவர் குழு அல்ல, கணவன் அல்ல, நீதிபதி அல்ல. 1980-இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும் சட்டத்தை அப்படியே வாசித்தது. எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்று இவ்வளவு துல்லியமாகப் பிரித்துவைத்த அறிவை நாம் தாயுள்ளம் என்று எழுதினால், அது அவருக்குச் செய்யும் புகழ்ச்சியே இல்லை.

வாக்கெடுப்பு நவம்பர் 29 விடியற்காலையில் நடந்தது. ஆதரவு 284, எதிர்ப்பு 189. ஆளும் கூட்டணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் ஆதரித்தார்கள். எதிர்வரிசையில் இருந்த இடதுசாரிகளின் வாக்கில்தான் சட்டம் கரையேறியது. சொந்த அணியில் பெரும்பான்மை இல்லாத ஒரு புதிய அமைச்சர், எதிரணியின் வாக்கை இழக்காமலும் சொந்த அணியில் கிடைக்கக்கூடிய கடைசி ஆளை விடாமலும் மூன்று நாட்கள் சமாளித்ததற்கு எந்தக் கண்ணீர்க் கதையும் விளக்கமாகாது. அந்த நாட்களில் அவருக்குக் கிடைத்த வசைகளையும் எழுதுங்கள். ஓர் உறுப்பினர் கருவின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து அவையில் ஒலிக்கவிட்டார். இன்னொருவர் கருக்களைப் பிணம் எரிக்கும் உலைகளில் எறிவது பற்றிப் பேசினார். தாயையும் தந்தையையும் அண்ணனையும் நாத்சிகளின் நாடுகடத்தலில் இழந்த ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட வார்த்தை அது. அவருடைய வரலாறு தனக்குத் தெரியாது என்று அந்த உறுப்பினர் பிறகு வருந்தினார். சிமோன் வெய் குடியிருந்த கட்டடத்தில் நாத்சிச் சின்னத்தை வரைந்தவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை.

கருணை அவரிடம் வேலைமுறையாக இருந்தது என்று நான் சொல்வது இந்த ஒரு சட்டத்தை வைத்து மட்டுமல்ல. அமைச்சராவதற்கு வெகுமுன்பே, 1957 முதல் 1964 வரை அவர் சிறைத்துறை நிர்வாகத்தில் இருந்தார். சிறைகளில் மருத்துவ வசதி எப்படி, நூல்கள் கிடைக்கின்றனவா, பெண் கைதிகளின் நிலை என்ன என்பவை அவர் அன்றாடம் பார்த்த கோப்புகள். 1959-இல், அல்ஜீரிய விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தபோது, நீதித்துறை அமைச்சர் எத்மோன் மிஷ்லே அவரை அங்குள்ள சிறைகளைப் பார்வையிட அனுப்பினார். மிஷ்லேயும் டாஹாவ் வதைமுகாமில் இருந்தவர். அங்கே பெண் போராளிகள் சித்திரவதைக்கும் வன்முறைக்கும் ஆளாகும் ஆபத்தைக் கண்ட சிமோன் வெய் அவர்களைப் பிரான்சில் உள்ள சிறைகளுக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். அன்றைய பிரெஞ்சுப் பொதுமக்களுக்கு அந்தப் பெண்கள் பயங்கரவாதிகள். அவர்களுக்காகப் பேசியிருந்தால் ஒரு நாள் செய்தியாகியிருக்கும், வேலையும் போயிருக்கும். அவர் பேசவில்லை, மாற்றல் ஆணைகளை எழுதினார். உயிர்கள் பிழைத்தன.

முப்பத்து நான்கு ஆண்டு கழித்து மீண்டும் அதே கை. 1993-இல் சமூகநலம், நலவாழ்வு, நகர்ப்புற விவகாரம் மூன்றுக்கும் பொறுப்பான மூத்த அமைச்சராக அவர் திரும்பி வந்தார். ஹெராயின் ஊசி போட்டுக்கொள்வோரிடையே எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலம். பழக்கத்தை விட்டால்தான் சிகிச்சை என்பது பிரெஞ்சு மருத்துவத்தின் அசையாத கொள்கை. ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் நாடு முழுவதிலும் சில பத்துப் பேருக்குத்தான் கிடைத்தது. அவருடைய பொறுப்பில் அந்தக் கொள்கை உடைந்தது. மெத்தடோன் இடங்கள் பெருகின, 1995-இல் அது முறையான மருந்தாக அங்கீகாரம் பெற்றது, சுத்தமான ஊசிகள் அடங்கிய சிறு பெட்டிகள் மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் அளவுமீறிய போதையால் நேரும் சாவுகள் பெருமளவு குறைந்தன. கைதி, போராளி, கருவைக் கலைத்தவள், போதைக்கு அடிமையானவன்: இவர்களில் யாரும் இயல்பாக நம் இரக்கத்தைப் பெறுபவர்கள் இல்லை. குழந்தையையோ முதியவரையோ கண்டு உருகுவதற்கு அமைச்சராக வேண்டியதில்லை. பார்த்தவுடன் மனம் உருகாத ஒருவருக்கும் சட்டம் போய்ச் சேர வேண்டும் என்றால், அதற்கு இளகிய மனத்தைவிட உறுதியான ஒழுங்குமுறை தேவைப்படுகிறது. அவர் கட்டியெழுப்பியது அதைத்தான்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய முதல் பதில் எனக்குத் தெரியும். இவ்வளவுக்கும் மூலம் அவர் பட்ட துன்பம்தானே, ஆஷ்விட்ஸ்தானே அவரைக் கருணை உள்ளவராக ஆக்கியது என்று கேட்பீர்கள். எழுதுவதற்கு அழகான தொடர்பு அது. 1944 மார்ச்சில் நீஸ் நகரில் கைது, ஏப்ரலில் ரயில், கையில் பச்சைகுத்திய 78651 என்ற எண், 1945 ஜனவரியில் பனியில் மரண நடை, பெர்கன்-பெல்சனில் டைபஸ் காய்ச்சலில் தாய் இவோனின் சாவு. ஆனால் துன்பம் தானாகவே கருணையாக விளையும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. அதே துன்பம் சிலரைக் கசப்பிலும் சிலரை மௌனத்திலும் கொண்டுபோய் விட்டது. அது அவர்களுடைய குற்றமும் இல்லை. 1974 நவம்பர் உரையில் அவர் தம் கைவசமிருந்த மிகப் பெரிய ஆயுதத்தை, தம் சொந்த வரலாற்றை, எடுக்கவே இல்லை. அவையை அழவைத்திருக்கலாம். வேண்டாம் என்று வைத்தார். சட்டம் அதன் காரணத்தாலேயே நிற்கவேண்டும் என்று அவர் கருதியதாகவே நான் அதைப் படிக்கிறேன். துன்பம்தான் காரணம் என்று எழுதும்போது இன்னொரு தீங்கும் நேர்கிறது. துன்பப்படாதவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். வசதியாக வளர்ந்து பதவிக்கு வந்த ஓர் அமைச்சரிடம் சிறைக் கோப்பைப் படிக்கச் சொன்னால், அது அவரவர் இயல்பு என்று கைகழுவ நாமே இடம் கொடுத்தவர்களாகிறோம்.

துன்பத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்றால், அதை யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவருடைய அக்கா தெனீஸ் எதிர்ப்பியக்கப் போராளியாகப் பிடிபட்டு ராவன்ஸ்பிரூக் முகாமுக்குப் போனவர். போர் முடிந்து திரும்பியதும் அவரைக் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். அவர் பேசுவதைக் கேட்டார்கள். யூதர் என்பதற்காக மட்டுமே பிடிக்கப்பட்ட சிமோனையும் இன்னொரு அக்கா மிலூவையும் யாரும் கேட்க விரும்பவில்லை. முகாமிலிருந்து மீண்ட யூதர்கள் பேச மறுத்தார்கள் என்ற பொதுக்கருத்தை சிமோன் வெய் கடைசிவரை மறுத்தார். பேசத் தயாராக இருந்தோம், செவிதான் கிடைக்கவில்லை என்பது அவர் நிலை. ஒரே வீட்டுச் சகோதரிகளில் வீரத்துக்கு மேடை கிடைத்தது, வதைக்குக் கிடைக்கவில்லை. நினைவைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது நேரடியாகச் சொல்லப்பட்ட செய்தி போலவே இருக்கிறது.

அடுத்த மறுப்பு குடும்பத்தைப் பற்றியது. பேரப்பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தார் என்று எழுதுவதில் என்ன தவறு, வாசகர்கள் அதைத்தானே விரும்பிப் படிக்கிறார்கள், நம் பண்பாட்டில் பாட்டி என்பது சிறிய இடமா என்று கேட்பீர்கள். தவறே இல்லை. எழுதுங்கள் என்றே சொல்கிறேன். ஆண் அமைச்சர்களைப் பற்றி எழுதும்போதும் எழுதுங்கள். ஆனால் அமைச்சரின் வேலைக்குக் கேட்கும் அதே துல்லியத்தைக் குடும்பத்துக்கும் கொடுங்கள். அவருடைய கணவர் அந்துவான் வெய், மனைவி வழக்கறிஞராவதை விரும்பவில்லை. நீதித்துறை அதிகாரி வேலை இருவரும் வந்துசேர்ந்த உடன்பாடு. சிறைத்துறையில் அவர் சேர்ந்ததும், அதனால் அல்ஜீரியச் சிறைகளைக் கண்டதும் அந்த வீட்டுக்குள் நடந்த ஒரு பேச்சுவார்த்தையின் விளைவு. 2017 ஜூலை 5 அன்று பாரிஸில் அவருக்கு நடந்த இறுதி அரசு மரியாதையின்போது மூத்த மகன் ழான், தாம் பேசியது பெண்களை இழிவுபடுத்துவதாகக் கருதி அம்மா ஒருமுறை குடுவைத் தண்ணீரைத் தம் தலையில் கொட்டியதை நினைவுகூர்ந்து, அதை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். நாட்டுத் தலைவர்கள் கூடியிருந்த சபையில் மகன் தேர்ந்தெடுத்த நினைவு அது. அன்பான தாய் என்ற சொல்லால் பிடிக்க முடியாத ஒருவர் அந்த ஒரே செய்தியில் நம் முன் நிற்கிறார்.

பாட்டி என்ற இடத்துக்கு வந்தால், எழுதப்பட வேண்டிய நிகழ்ச்சி 2004 டிசம்பரில் இருக்கிறது. ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்டதன் அறுபதாம் ஆண்டு நெருங்கியபோது அவர் பேரப்பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே போனார். எழுபத்தேழு வயது. பதினாறு வயதில் எங்கே இறக்கப்பட்டார், எங்கே தூங்கினார் என்பதைப் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் இருந்த பிள்ளைகளுக்குக் காட்டினார். இனஅழிப்பு நினைவுக்கான அறக்கட்டளையின் தலைவராக இருந்தவர்தான் அப்போது. ஆகவே அந்தப் பயணத்தில் பாட்டி எங்கே முடிந்து பொறுப்பாளர் எங்கே தொடங்கினார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டியதும் இல்லை. பேரப்பிள்ளைகளிடம் அவர் காட்டிய அன்பில், அவர்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டிய கொடிய உண்மையை மறைக்காமல் கையளிப்பதும் அடங்கியிருந்தது. கதை சொல்லித் தூங்கவைக்கும் பாட்டியின் படம் நம் மனத்தில் ஆழமாக இருக்கிறது. இவரோ தூக்கம் கெடக்கூடிய கதையைச் சொன்னவர். அமைச்சரின் கடுமையான வேலைக்கு ஈடாக வீட்டில் ஒரு மென்மை இருந்தது என்று எழுதிச் சமன்படுத்தும் வழக்கம் இந்த இடத்தில் உதவாது.

கணவரைப் பற்றி இன்னும் ஒன்று. 2018 ஜூலை 1 அன்று சிமோன் வெய்யின் உடல் பாரிஸின் பாந்தியோன் நினைவாலயத்தில் வைக்கப்பட்டது. 2013-இல் மறைந்த அந்துவானும் உடன் வைக்கப்பட்டார். அந்த ஆலயத்தில் அடக்கமான முதல் பெண் சோஃபி பெர்த்தலோ; 1907-இல் அவர் அங்கு சென்றது வேதியியல் அறிஞரான மார்சலின் பெர்த்தலோவின் மனைவி என்ற முறையில். நூற்றுப் பதினோரு ஆண்டுக்குப் பிறகு ஓர் ஆண், மனைவியின் தகுதியால் அங்கே இடம்பெற்றார். குடும்பத்தைப் பற்றி எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்காது.

மூன்றாவது மறுப்பு கடினமானது, அதை வைப்பவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. கரு ஓர் உயிர் என்று நம்புகிறவர்கள், இந்தச் சட்டத்தைக் கருணை என்று அழைப்பதையே ஏற்கமாட்டார்கள். அவர்களுக்கு இதில் இருப்பது ஓர் உயிரைக் கைவிட்ட அரசு. இந்த நம்பிக்கையை வாதத்தால் வென்றுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. சிமோன் வெய்யும் அப்படி நினைக்கவில்லை, அதனால்தான் மனச்சாட்சி விலக்கைச் சட்டத்திலேயே வைத்தார். ஆனால் 1974-இல் அந்த அவையின் முன் இருந்த கேள்வி கரு கலைக்கப்படுமா இல்லையா என்பதன்று. அது கலைக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது, பெண்களும் செத்துக்கொண்டிருந்தார்கள். தடை நீடித்தால் காப்பாற்றப்படும் உயிர் எது என்பதே கேள்வி. எதிர்த்தவர்களிடமிருந்து அதற்கு நேரடியான விடை வரவில்லை. இந்தியா அவருக்கு மூன்றாண்டு முன்னதாகவே, 1971-இல், மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றிவிட்டது என்பதை நம் வாசகர்களுக்கு நினைவூட்டலாம். ஆனால் நம் சட்டம் முடிவை மருத்துவரின் கருத்தில் வைத்தது. வெய்யின் சட்டம் பெண்ணிடம் வைத்தது.

அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு பிரெஞ்சு ஆட்சியில் உள்ள இன்னொரு நிலமே சாட்சி. தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவில், பிரான்சின் பெருநிலத்தில் கருக்கலைப்பு குற்றமாக இருந்த அதே 1960-களில், ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு அவர்கள் ஒப்புதல் இல்லாமலே கருக்கலைப்பும் கருத்தடை அறுவையும் செய்யப்பட்டன. 1970-இல் அது வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். மக்கள்தொகை பெருகுகிறது, ஏழைகளுக்கு நல்லதுதானே என்ற நியாயம் அப்போது காற்றில் இருந்தது. ஒரே குடியரசில் ஒரு பெண்ணுக்கு விரும்பினாலும் கலைக்க உரிமையில்லை, இன்னொருத்திக்குப் பெற்றுக்கொள்ளவும் உரிமையில்லை. இரண்டிலும் முடிவை எடுத்தவர்கள் வேறு யாரோ. சம்பந்தப்பட்டவளைக் கேட்காமல் அவள் நன்மைக்காகச் செய்வதும் தன்னைக் கருணை என்றே அழைத்துக்கொள்கிறது. ஆகவே அந்தச் சொல்லை நம் கட்டுரையில் எழுதுமுன், முடிவு யார் கையில் இருந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் கேள்விக்கு வெய்யின் சட்டம் ஈடுகொடுத்து நிற்கிறது.

கடைசியாக, அவர் குறைகளை எழுதுவதா என்ற தயக்கம். இறந்தவரைக் குறைசொல்லக்கூடாது என்பது நம் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் நூற்றாண்டுக் கட்டுரை இழவு வீடு இல்லை. 1975-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் கருக்கலைப்புச் செலவைக் காப்பீட்டில் சேர்க்கவில்லை. 1982 வரை ஏழைப் பெண் அதற்குக் காத்திருந்தாள். எந்த ஏழைப் பெண்ணை முன்னிறுத்தி அவர் வாதாடினாரோ அவளுக்கே ஓர் இடைவெளியை அந்தச் சமரசம் விட்டுவைத்தது. நாத்சி ஆக்கிரமிப்புக் கால பிரான்சைப் பற்றி மார்செல் ஓஃபுல்ஸ் எடுத்த ஆவணப்படத்தை அரசுத் தொலைக்காட்சி வாங்கக்கூடாது என்று அதன் நிர்வாகக் குழுவில் இருந்தபோது நிலை எடுத்தார்; நாட்டு மக்கள் எல்லோரையும் அந்தப் படம் கோழைகளாகக் காட்டுவதாகவும், யூதர்களைக் காப்பாற்றியவர்களை மறந்துவிட்டதாகவும் அவர் கருதினார். காரணம் புரிகிறது, ஒரு படத்தைத் தடுக்க அது போதுமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2013 ஜனவரியில் ஒருபாலினத் திருமணத்தை எதிர்த்துப் பாரிஸில் நடந்த பேரணிக்குக் கணவரோடு வந்து ஆதரவு காட்டினார். இவற்றை ஒளித்துவிட்டு எல்லோருக்கும் அன்னையாக அவரை ஆக்கினால், பிறகு இவற்றைக் கண்டுபிடிக்கும் இளைய வாசகர் முழுக் கட்டுரையையும் சந்தேகிப்பார். வேலைமுறையாகக் கருணையை எழுதினால் இந்தச் சிக்கல் வராது. வேலையில் எல்லை உண்டு, விடுபட்டது உண்டு, அடுத்தவர் வந்து முடித்தது உண்டு. 1979 இறுதியில் சட்டம் நிரந்தரமானது, 1982-இல் காப்பீடு வந்தது, 2024 மார்ச்சில் கருக்கலைப்புக்கான சுதந்திரம் 780-க்கு 72 என்ற வாக்கில் பிரெஞ்சு அரசமைப்பிலேயே ஏறியது. ஒருவர் போட்ட அடித்தளத்தின்மேல் அரை நூற்றாண்டு பலர் செய்த பணி அது.

எனவே 2027-க்காக எழுத உட்காரும்போது மூன்று செய்திகளுக்கு இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அல்ஜீரியப் பெண் கைதிகளின் இடமாற்றம்; 284-க்கு 189 என்ற அந்த வாக்கு எப்படித் திரட்டப்பட்டது என்பது; மெத்தடோன். முதலாவதைப் பற்றித் தமிழில் நல்லதொரு விரிவான கட்டுரையைப் படிக்க மிகவும் ஆசைப்படுகிறேன், ஏனெனில் சிறைக்குள் இருக்கும் பெண்களை எந்த அதிகாரி எந்த ஆணையால் காப்பாற்ற முடியும் என்ற கேள்வி நமக்கும் தேவையான கேள்வி. இடம் போதவில்லை என்று ஆசிரியர் சொன்னால் பதவிப் பட்டியலைச் சுருக்குங்கள். குடுவைத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். அந்தப் பழைய புகைப்படத்தைப் போடுவதானால், அதன் கீழே அவர் அழவில்லை என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்